ஜார்ஜ் பிரையனும் இருபத்தெட்டு ஆண்டுகளும்



பிறநாட்டார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொண்டு பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, பெஞ்சமின் பிராங்க்ளினைப் பற்றிப் பேசினால் அவையோர் விரும்புவர் என்றும் குறிப்புக் காட்டினார்கள். அவர் சொல்லைத் தட்டாமல் பிராங்க்ளினைப் படிக்கத் தொடங்கினேன். படித்துக்கொண்டே போனபோது 1764ஆம் ஆண்டுத் தேர்தலில் பிலடெல்பியா நகரத்து மக்கள் அப்பெருமகனாரைத் தோற்கடித்தார்கள் என்ற செய்தி கண்ணிற்பட்டது. மின்னலுக்கும் இடிதாங்கிக்கும் விளக்கம் தந்தவரை, உலகப் புகழ் பெற்றவரைத் தோற்கடித்து அந்த நகரத்து இடங்கள் இரண்டையும் பெற்றவர்கள் யார் என்று தேடினேன். ஒருவர் தாமஸ் வில்லிங் என்ற பெருவணிகர். மற்றவர் அயர்லாந்திலிருந்து வந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த முப்பத்து மூன்று வயது வணிகர், ஜார்ஜ் பிரையன். செயலாளர் அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இன்று நான் பேச வந்திருப்பது தோற்றவரைப் பற்றியன்று, வென்றவரைப் பற்றி.

பிரையன் 1731ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் வணிகர். அக்காலத்தில் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா சென்றவர்களுள் மிகப் பலர் கப்பற் கட்டணத்திற்கு வழியில்லாமல், நான்காண்டு ஐந்தாண்டு உழைத்துத் தீர்ப்பதாகக் கையொப்பமிட்டுக் கொடுத்த ஒப்பந்தப் பணியாளர்கள். பிரையன் அவ்வகையினர் அல்லர். தந்தையாரின் முதலோடும் பரிந்துரையோடும் 1752இல் பிலடெல்பியாவில் இறங்கி, ஒரு பங்காளியுடன் சேர்ந்து ஏற்றுமதி இறக்குமதி வணிகம் தொடங்கினார். சில ஆண்டுகளில் தனி வணிகரானார். 1757இல் எலிசபெத் ஸ்மித் என்னும் பெண்மணியை மணந்தார். இந்தப் பகுதியை நான் விரைந்து கடந்து செல்கிறேன். வணிகர் பிரையனைக் காட்டிலும் அரசியலர் பிரையனே நமக்கு வேண்டியவர்.

அந்நாளைய பிலடெல்பியாவை ஒரு சிறிது விளக்கினால்தான் பின்னர் வருவன விளங்கும். பென்சில்வேனியா வில்லியம் பென் என்ற குவேக்கர் சமயத்தவர் நிறுவிய குடியேற்றம். குவேக்கர்கள் ஆயுதம் எடுக்கமாட்டார்கள், சூளுரைக்கவும் மாட்டார்கள். செல்வமும் சட்டமன்றமும் நெடுங்காலம் அவர்கள் கையில் இருந்தன. அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்து எல்லைப்புறங்களில் குடியமர்ந்தவர்களோ பெரும்பாலும் பிரெஸ்பிட்டேரியன் சபையினர். தங்களை ஆள்வோர் தங்கள் துன்பத்தை உணரவில்லை என்பது அவர்களது குறை. பிரையனும் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சார்ந்தவர். இவ்விரு சாராருக்கும் இடையிலிருந்த பகைமையே அந்நகரத்து அரசியலின் அடிநீரோட்டம். பென் குடும்பத்தாரிடமிருந்து ஆட்சியை நீக்கி அரசரின் நேரடி ஆட்சியைக் கொண்டுவர வேண்டும் என்று பிராங்க்ளின் வாதிட்டார். அதனை எதிர்த்தோர் பிரையனை நிறுத்தினர். 1764இன் வெற்றி இப்படி வந்தது.

வெற்றி நிலைக்கவில்லை. 1765இல் முத்திரை வரியை எதிர்த்து நியூயார்க்கில் கூடிய குடியேற்றங்களின் மாநாட்டிற்குப் பென்சில்வேனியா அனுப்பிய மூவருள் பிரையனும் ஒருவர். ஜான் டிக்கின்சனும் ஜான் மார்ட்டனும் மற்ற இருவர். ஆனால் அதே ஆண்டுத் தேர்தலில் தம் இடத்தை இழந்தார். அடுத்து வணிகமும் சரிந்தது. 1770களின் தொடக்கத்தில் அவர் நொடித்துப் போனார். நாற்பது வயதில் கப்பலும் இல்லை, கடையும் இல்லை. விடுதலைப் போர் மூண்ட 1776இல், துறைமுகத்திற்கு வந்துபோகும் கப்பல்களைப் பதிவு செய்யும் ஓர் அலுவலரின் பணி அவருக்குக் கிடைத்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எந்தத் துறைமுகத்தில் இளம் வணிகராக இறங்கினாரோ, அதே துறைமுகத்தில் பிறர் கப்பல்களுக்குக் கணக்கெழுதும் நிலை.

புரட்சி அவரைத் தூக்கி நிறுத்தியது. 1776இல் பென்சில்வேனியா தனக்கென ஓர் அரசியலமைப்பை வகுத்தது. ஒரே அவை, ஆளுநர் என ஒருவர் இல்லை, மாறாக, உயர் நிருவாக மன்றம் என்ற ஒரு குழு. வரி செலுத்தும் ஆடவர்க்கெல்லாம் வாக்கு. அந்நாளில் இதனினும் மக்கள்சார்ந்த அமைப்பு அமெரிக்காவில் வேறில்லை எனலாம். 1777இல் பிரையன் அம்மன்றத்தின் துணைத் தலைவரானார். தலைவர் தாமஸ் வார்ட்டன் 1778 மே மாதம் காலமானார். அதனால் அவ்வாண்டு டிசம்பரில் ஜோசப் ரீட் தலைவராகும் வரை பென்சில்வேனியாவின் நிருவாகத் தலைமை பிரையன் கையில் இருந்தது.

அன்பர்களே, இந்த 1778ஆம் ஆண்டில் நான் சற்றே தங்க விரும்புகிறேன். ஏனெனில் என் மனத்தை உறுத்திய செய்திகள் இங்கேதான் இருக்கின்றன.

புதிய அரசு, தன்பால் பற்றுறுதி கூறாதவர்களுக்கு வாக்கில்லை, பதவியில்லை, வழக்குத் தொடுக்கும் உரிமையும் இல்லை என்று சட்டம் செய்தது. போரையும் சூளுரையையும் மறுத்த குவேக்கர்கள் இதனால் தாங்கள் நிறுவிய நாட்டிலேயே உரிமையற்றவராயினர். முந்தைய ஆண்டு, ஆங்கிலேயப் படை பிலடெல்பியாவை நெருங்கிய வேளையில், குவேக்கர் தலைவர்களுள் பலர் உசாவல் ஏதுமின்றி வர்ஜீனியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் இருவர் அங்கேயே மாண்டனர். ஆங்கிலேயர் நகரை விட்டு நீங்கிய பின், பகைவருக்கு உதவியதாக ஆபிரகாம் கார்லைல் என்ற தச்சரும் ஜான் ராபர்ட்ஸ் என்ற ஆலைக்காரரும் அரசுத் துரோகக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இருவரும் குவேக்கர்கள். ஆயிரக்கணக்கானோர் கருணை காட்டுமாறு விண்ணப்பம் எழுதினர். குற்றவாளிகள் என்று கூறிய ஜூரிகளுள் பலரும் அவ்வாறே வேண்டினர். பிரையன் தலைமையில் இருந்த மன்றம் இணங்கவில்லை. 1778 நவம்பர் 4ஆம் நாள் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

அதே நவம்பர் மாதத்தில், அதே மன்றத்திடமிருந்து, அதே பிரையனின் தூண்டுதலால், சட்டமன்றத்திற்கு ஒரு செய்தி சென்றது. அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிப்பதற்கு வழி காணுமாறு அச்செய்தி வற்புறுத்தியது. அயலான் தளையிலிருந்து நம்மை விடுவித்த இறைவனுக்கு நாம் செலுத்தும் நன்றி, நம்மிடம் தளைப்பட்டிருப்போரை விடுவிப்பதே என்பது அதன் சாரம்.

கருணை விண்ணப்பத்தைத் தள்ளிய கையும் இச்செய்தியை அனுப்பிய கையும் ஒன்றே. இரண்டையும் ஒரே மனிதரிடம் எப்படிப் பொருத்துவது என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். பொருந்தவில்லை, பொருத்திக் காட்டுவதாக உங்களிடம் பாசாங்கு செய்யவும் விரும்பவில்லை.

இதில் இன்னொரு முரணும் உண்டு. அடிமைமுறைக்கு எதிராக அந்த மண்ணில் முதலில் குரல் எழுப்பியவர்கள் பெரிதும் குவேக்கர்களே. 1688இலேயே ஜெர்மன்டவுன் என்ற ஊரில் அவர்களது கண்டனம் எழுதப்பட்டது. 1776இல் தம் சபையார் எவரும் அடிமைகளை வைத்திருக்கலாகாது என்று அவர்களது ஆண்டுப் பேரவை தீர்மானித்தது. அந்தனி பெனசெட் என்ற பள்ளி ஆசிரியர் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தி, வாழ்நாள் முழுவதும் இதையே எழுதினார், பேசினார். சட்டமன்ற உறுப்பினர்களை நேரிற்கண்டு மன்றாடினார் என்பர். இப்படி நிலத்தை உழுது வைத்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, விதைக்கும் வேலையைச் செய்தவர்கள் அவர்களுடைய அரசியற் பகைவர்கள். சட்டம் நிறைவேறிய சில நாளில் பிரையன் மாசாச்சூசெட்சின் சாமுவேல் ஆடம்சுக்கு எழுதிய கடிதத்தில், பிரெஸ்பிட்டேரியன்கள் நடத்தும் அரசிடமிருந்து இப்படியொரு நற்செயலைக் குவேக்கர்கள் எதிர்பார்க்கவில்லை, வியந்து மகிழ்கிறார்கள் என்று பெருமிதம் தோன்றக் குறிப்பிட்டார். கட்சி வெற்றியின் களிப்பும் அதில் இல்லாமல் இல்லை.

1779இல் பிரையன் சட்டமன்ற உறுப்பினராகி, மசோதாவைத் தாமே முன்னின்று நடத்தினார். மக்கள் பார்வைக்கென அவ்வாண்டு வெளியிடப்பட்ட முதல் வரைவில், இனி அடிமைத்தாயிடம் பிறக்கும் பெண்மகவு பதினெட்டு வயதிலும் ஆண்மகவு இருபத்தொரு வயதிலும் விடுதலை பெறும் என்றிருந்தது. உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். குழந்தையை வளர்க்கும் செலவு எங்களுடையது. வளர்ந்து வேலை செய்யும் பருவத்தில் விட்டுவிட வேண்டுமா என்றனர். வாக்குகள் தேவைப்பட்டன. வயது உயர்ந்தது. இருபாலார்க்கும் இருபத்தெட்டு என்றாயிற்று. 1780 மார்ச் 1ஆம் நாள், 34 பேர் ஆதரவாகவும் 21 பேர் எதிராகவும் வாக்களிக்க, மசோதா சட்டமாயிற்று. வெர்மான்ட்டின் 1777ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதற்கு முந்தியதே எனினும், ஒரு சட்டமன்றம் விவாதித்து வாக்கெடுத்து இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டங்களுள் அமெரிக்காவில் இதுவே முதலாவது.

இச்சட்டம் யாரை விடுவித்தது? மார்ச் 1ஆம் நாளன்று அடிமையாக இருந்த எவரையும் அது நேராக விடுவிக்கவில்லை. அவர்கள் ஆயுள் முழுவதும் அடிமைகளே. மறுநாள் பிறக்கும் குழந்தை அடிமையன்று. ஆனால் இருபத்தெட்டு வயது வரை தாயின் உரிமையாளரிடம் ஒப்பந்தப் பணியாளரைப் போல ஊழியம் செய்ய வேண்டும். ஆக, இச்சட்டத்தின்கீழ்ப் பிறந்த முதற்குழந்தை தன் கால்களால் தனியே நடந்துபோகும் உரிமையைப் பெற்ற ஆண்டு 1808. சட்டத்தை எழுதிய பிரையன் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

வேறு சில கூறுகளையும் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர்க்கென்று இருந்த தனி நீதிமன்றங்களை இச்சட்டம் நீக்கியது. கறுப்பர் வெள்ளையர் திருமணத்துக்கிருந்த தடையை முதல் வரைவு வைத்திருந்தது. இறுதிச் சட்டத்தில் அது இல்லை. அதே சமயம், சுதந்திர மனிதனுக்கு எதிராக அடிமை சாட்சி சொல்லலாகாது என்ற விதி நின்றுவிட்டது. அடித்தவனுக்கு எதிராக அடிபட்டவன் வாய் திறக்க முடியாது என்பது இதன் பொருள்.

பதிவு விதி என்று ஒன்றும் உண்டு. பார்த்தால் எழுத்தர் வேலை போலத் தோன்றும். ஒவ்வோர் உரிமையாளரும் 1780 நவம்பர் 1ஆம் நாளுக்குள் தம் அடிமைகளின் பெயர், வயது, பால் ஆகியவற்றை அலுவலகத்தில் பதிய வேண்டும். ஒருவருக்கு இரண்டு டாலர் கட்டணம். பதியத் தவறினால் அந்த அடிமை விடுதலை பெற்றவர். சோம்பலாலோ சிக்கனத்தாலோ பதியாமல் விட்டவர்கள் இருந்தனர். அவர்களது பிழையால் பல கறுப்பினக் குடும்பங்கள் விடுதலை பெற்றன. உடனே, காலக்கெடுவை நீட்டிக்க வேண்டும், போனவர்களைத் திரும்பத் தர வேண்டும் என்று 1781இல் கூக்குரல் எழுந்தது. அவ்வேளையில் பிலடெல்பியாவின் 'பிரீமன்ஸ் ஜர்னல்' இதழில் கேட்டோ என்ற பெயரில் ஒரு கறுப்பினத்தவரின் மடல் வெளிவந்தது. இச்சட்டத்தால் நானும் என் பிள்ளைகளும் விடுதலை பெற்றோம். கொடுத்ததைத் திரும்பப் பறிக்கப் போகிறார்களாமே என்று அவர் கேட்டிருந்தார். பறிக்கும் முயற்சி தோற்றது. பிரையனின் வாழ்க்கையைத் தேடிப் போன எனக்கு இந்த மடல் கிடைத்தது பெரும்பேறு. பென்சில்வேனியா வரலாற்றில் சட்டம் செய்தவர்களின் சொற்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சட்டத்தினால் வாழ்ந்தவரின் சொல் இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அகப்படுகிறது.

சட்டம் நிறைவேறிய சில வாரங்களில் பிரையன் மாநில உயர் நீதிமன்ற நீதிபதியானார். இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். தாம் எழுதிய சட்டம் 1789இல் அவர் முன்பே வழக்காக வந்தது. பெட்சி என்ற சிறுமி சட்டத்திற்கு முன் பிறந்தவள். உரிமையாளர் அவளைப் பதியவில்லை. பதியாததால் அடிமையில்லை, சரி. ஆனால் இருபத்தெட்டு வயது வரையேனும் ஊழியம் செய்ய வேண்டாமா என்பது கேள்வி. ஆம், செய்ய வேண்டும் என்பது தலைமை நீதிபதி மக்கீனின் கருத்து. பிரையன் உள்ளிட்ட மற்ற நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. முழு விடுதலை என்று தீர்ப்பாயிற்று. ஒன்பதாண்டுகளுக்கு முன் வாக்குகளுக்காக இருபத்தெட்டு என்ற எண்ணுக்கு இணங்கிய மனிதர், வாக்குத் தேவைப்படாத இடத்தில் அமர்ந்தபோது அந்த எண்ணை ஒரு சிறுமியின்மேல் சுமத்த மறுத்தார். அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. வெளி மாநிலத்தார் ஆறு திங்கள் வரை தம் அடிமைகளோடு தங்கலாம் என்பது ஒரு விலக்கு. ஆறு திங்கள் முடியுமுன் எல்லை தாண்டி ஒரு நாள் போய்வந்தால் கணக்கு மீண்டும் தொடங்கும் என்று சிலர் கண்டுபிடித்தனர். 1788இல் திருத்தச் சட்டம் வந்து இதைத் தடுத்தது. ஆயினும் பிலடெல்பியா நாட்டின் தலைநகராக இருந்த காலத்தில், குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனே தம் அடிமைகளை ஆறு திங்கள் நிறையுமுன் ஓசையின்றி மாநிலத்திற்கு வெளியே அனுப்பி வரவழைத்துக்கொண்டிருந்தார். 1796இல் அவர் இல்லத்திலிருந்து ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் தப்பிச் சென்று நியூஹாம்ப்ஷயரில் வாழ்ந்தாள். சட்டம் தராததைத் தன் கால்களால் பெற்றுக்கொண்டவள் அவள்.

பிரையனின் கடைசி அரசியற் போர் தோல்வியில் முடிந்தது. 1787இன் கூட்டாட்சி அரசியலமைப்பை அவர் எதிர்த்தார். அடிப்படை உரிமைகளின் பட்டியல் இல்லாத ஓர் அமைப்பு, பெருஞ்செல்வர்களின் கையில் ஆட்சியைக் கொடுத்துவிடும் என்று அவர் தரப்பார் அஞ்சினர். 'சென்டினல்' என்ற புனைபெயரில் அதற்கு எதிராக வெளிவந்த கட்டுரைகளைப் பிரையன் எழுதியவை என்றே பலரும் நினைத்தனர். எழுதியவர் அவர் மகன் சாமுவேல் என்று பின்னர்த் தெரிந்தது. அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. உரிமைப் பட்டியல் பின்னால் வந்து சேர்ந்தது. 1790இல் அவர் போற்றிக் காத்த பென்சில்வேனியாவின் பழைய அரசியலமைப்பும் மாற்றப்பட்டது. 1791 சனவரி 27ஆம் நாள் பிலடெல்பியாவிலேயே பிரையன் காலமானார்.

சென்ற ஆண்டு இவ்வரலாற்றை வகுப்பில் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, இருபத்தெட்டு வயதில் கொடுத்தால் அது விடுதலையா?" என்று கேட்டாள். அன்று மணி அடித்தது எனக்கு உதவியாயிற்று. அவள் இன்று பின்வரிசையில் இருக்கிறாள். ஆகவே கடனைத் தீர்த்துவிடுகிறேன்.

அடிமை உரிமையாளர்களுக்கு இழப்பு ஏற்படும், ஈடு செய்ய வேண்டும் என்று அவையில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஈட்டைக் கொடுத்தது யார்? அரசுக் கருவூலம் கொடுக்கவில்லை, செல்வர்கள் கொடுக்கவில்லை. பிறக்கவிருந்த குழந்தைகள் கொடுத்தார்கள். பதினெட்டுக்கும் இருபத்தெட்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள், ஒரு மனிதப் பிறவியின் உடல் மிக வலிமையோடு இருக்கும் ஆண்டுகள். அவற்றைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு விலையாகக் கொடுத்துவிட்டார்கள். போகல், எங்கர்மன் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் இருவர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், வடமாநிலங்களின் இத்தகைய சட்டங்களின் செலவைப் பெரும்பாலும் அடிமைகளே சுமந்தனர் என்று கணக்கிட்டுக் காட்டினர். ஆகவே, மகளே, உன் ஐயம் சரியானது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதையும் நீ வாங்கிக்கொள்ள வேண்டும். பதினெட்டு, இருபத்தொன்று என்றிருந்த வரைவு அப்படியே வாக்குக்கு வந்திருந்தால் 34 பேர் கிடைத்திருப்பார்களா? பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் இத்தகைய சட்டம் வருவதற்கு 1804 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் அங்கே அடிமையாகப் பிறந்த குழந்தைகளுக்கு இருபத்தெட்டு வயது என்ற ஓர் எல்லைகூட இல்லை. பிரையன் இதையெல்லாம் எண்ணித்தான் இணங்கினாரா, வெற்றியின் அவசரத்தில் இணங்கினாரா என்பதை அவர் எங்கும் விளக்கிச் சொன்னதாக நான் காணவில்லை. அவருக்குரிய புகழையும், அந்தப் பத்தாண்டுகளின் பழியையும் ஒன்றாகவே அவர் பெயரில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. அவையோர் மாறுபடலாம்.

1790ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் பென்சில்வேனியாவில் அடிமைகள் 3,700 பேருக்கு மேல். 1840ஆம் ஆண்டுக் கணக்கில் 64 பேர். 1780க்கு முன் பிறந்து, அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் சட்டத்தின் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்ட முதியவர்கள் அவர்களுள் இருந்திருப்பார்கள். எஞ்சியிருந்தவர்க்கும் விடுதலை என்று பென்சில்வேனியா சட்டம் செய்தது 1847இல்.